ஆக்சிலும் டார்க் ரென்ச்சும்: மோட்டார் சைக்கிள் சக்கரத்தைக் கழற்றிச் சரியாக மாட்ட ஒரு முழு வழிகாட்டி

பல ஆண்டுகளுக்கு முன் என் மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்துக்கு நானே பேரிங் மாற்றினேன். எல்லாவற்றையும் மாட்டி முடித்து, ஸ்பேனரின் வாலில் ஓர் இரும்புக் குழாயைச் செருகி, உடம்பின் எடை முழுவதையும் அதன்மேல் போட்டு ஆக்சில் நட்டை இறுக்கினேன். சக்கரம் அசையவில்லை. அரைச் சுற்றுத் தளர்த்தினேன், தாராளமாகச் சுழன்றது. மறுபடி இறுக்கினால் மறுபடி பிடித்துக்கொண்டது. பிரேக்தான் உரசுகிறது என்று நானே தீர்ப்பு எழுதி, பிரேக்கைத் தளர்த்தி, நட்டையும் 'அளவாக' நிறுத்தி ஓட்டிக்கொண்டிருந்தேன். சில வாரங்களில் புதுப் பேரிங் இரண்டும் கரகரக்கத் தொடங்கின. திரும்பக் கழற்றியபோதுதான், சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்புக்குள் இரு பேரிங்குகளுக்கும் நடுவே இருக்க வேண்டிய ஸ்பேசர் குழாயைக் காணவில்லை என்பது தெரிந்தது. அது என் கருவிப் பெட்டியின் அடியில், ஒரு பழைய துணிக்குள் பத்திரமாக இருந்தது.

ஆக்சில் நட்டை இறுக்குவது சக்கரம் கழன்று விழாமல் இருக்கத்தான் என்று அதுவரை நம்பியிருந்தேன். அது பாதி உண்மைதான். மறுபாதி தெரியாமல் எவ்வளவு விலையுயர்ந்த டார்க் ரென்ச் (குறித்த அளவு இறுக்கம் வந்ததும் 'டிக்' என்று சொல்லும் ஸ்பேனர்) வாங்கினாலும் பயன் குறைவு. ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நட் உண்மையில் எதை இறுக்குகிறது

முன்சக்கரத்தை எடுத்துக்கொள்வோம். ஆக்சில் என்பது ஃபோர்க்கின் இரு கால்களையும் ஊடுருவிச் செல்லும் ஓர் எஃகுத் தண்டு. அது சுழல்வதில்லை, சக்கரம்தான் அதைச் சுற்றிச் சுழல்கிறது. தண்டின்மேல் பொருள்கள் வரிசையாகக் கோத்திருக்கின்றன: ஃபோர்க்கின் ஒரு கால், பக்கவாட்டுக் காலர், பேரிங்கின் உள் வளையம், ஹப்புக்குள் இருக்கும் ஸ்பேசர் குழாய், அடுத்த பேரிங்கின் உள் வளையம், இன்னொரு காலர், ஃபோர்க்கின் மறுகால். நட்டை இறுக்கும்போது இந்த வரிசை முழுவதும் ஒரே இரும்புத் தூணைப் போல அழுந்தி நிற்கிறது. அந்தத் தூண் அசையாமல் நிற்க, பேரிங்கின் வெளி வளையமும் ஹப்பும் சக்கரமும் மட்டும் சுழல்கின்றன.

அழுத்தத்தைச் சுமப்பது உள் வளையங்களும் ஸ்பேசர் குழாயும்தான். பேரிங்கின் குண்டுகளுக்கு அதில் பங்கே இருக்கக் கூடாது. குழாய் இல்லாவிட்டாலோ, தேய்ந்து குட்டையாகியிருந்தாலோ, நட் இறுக இறுக உள் வளையங்கள் ஒன்றை நோக்கி ஒன்று இழுபடும். குண்டுகள் பக்கவாட்டில் நெரிபடும். நட்டை இறுக்கினால் சக்கரம் பிடிக்கிறது, தளர்த்தினால் விடுகிறது என்றால் பிரேக்கைக் குறை சொல்லாதீர்கள். வரிசையில் ஒன்று இல்லை, அல்லது இடம் மாறியிருக்கிறது.

எதிர்த்திசையிலும் கேடு உண்டு. நட் போதிய இறுக்கம் இல்லாமல் இருந்தால் தூண் தூணாக இருக்காது. உள் வளையங்கள் ஆக்சிலின்மேல் மெல்ல நழுவிச் சுழலத் தொடங்கும். காலர்கள் ஃபோர்க்கோடு உரசும். ஆக்சிலைக் கழற்றும்போது பேரிங் அமரும் இடத்தில் செம்பழுப்புத் தூள் படிந்திருந்தால், அது பெரும்பாலும் இந்த நுண்ணிய உராய்வின் அடையாளம். 'துரு பிடித்திருக்கிறது' என்று துடைத்துவிட்டுப் போகாமல், முன்பு எவ்வளவு இறுக்கத்தில் இருந்தது என்று யோசிக்க வேண்டிய இடம் அது.

கையில் என்ன இருக்க வேண்டும்

வண்டியின் சர்வீஸ் மேனுவல் முதலில். ஆக்சில் நட், பிஞ்ச் போல்ட் (ஃபோர்க்கில் ஆக்சிலைக் கவ்விப் பிடிப்பது), காலிப்பர் (டிஸ்க் பிரேக்கின் கவ்வி) போல்ட், செயின் தொய்வு ஆகியவற்றின் அளவுகள் மாடலுக்கு மாடல் மாறும். இந்தக் கட்டுரையில் வரும் எண்கள் புரிந்துகொள்வதற்கானவை. உங்கள் வண்டிக்கு உரிய எண் மேனுவலில்தான் இருக்கிறது.

நிறுத்தும் ஸ்டாண்ட் உறுதியாக இருக்க வேண்டும். சைடு ஸ்டாண்டில் சாய்த்து, எஞ்சினுக்கு அடியில் கல் வைத்து வேலை செய்பவர்களைப் பார்த்திருக்கிறேன், நானும் செய்திருக்கிறேன். இறுகிய நட்டைத் தளர்த்த எழும்பும் விசை வண்டியையே கவிழ்க்கப் போதுமானது. அதனால்தான் பழகியவர்கள் சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டைக் கால் சுற்றுத் தளர்த்திக்கொண்டு, பிறகு வண்டியைத் தூக்குகிறார்கள்.

மற்றவை எளியவை: சரியான அளவு ஆறுமுகச் சாக்கெட், நீண்ட கைப்பிடியுள்ள பிரேக்கர் பார், பிளாஸ்டிக் அல்லது செம்புத் தலைச் சுத்தியல், ஆக்சிலைவிடச் சற்று மெல்லிய பித்தளைத் தண்டு, துரு இளக்கும் எண்ணெய், கம்பித் தூரிகை, லித்தியம் கிரீஸ், துணி. பன்னிரண்டு முகச் சாக்கெட்டும், வாயகலும் அட்ஜஸ்டபிள் ஸ்பேனரும் ஆக்சில் நட்டின் முனைகளை மழுக்கிவிடும். ஒருமுறை மழுங்கிய நட் பிறகு ஒவ்வொரு முறையும் தகராறு செய்யும்.

டார்க் ரென்ச் இரண்டு இருப்பது நல்லது. ஆக்சிலுக்கு அரை அங்குலச் சதுரமுனை கொண்ட பெரியது. எம்6, எம்8 (6, 8 மில்லிமீட்டர் விட்டமுள்ள) போல்ட்டுகளுக்கு 5 முதல் 25 நியூட்டன் மீட்டர் வரை போகும் சிறியது. ஒரே பெரிய ரென்ச்சால் எல்லாவற்றையும் செய்துவிடலாம் என்ற ஆசைதான் அலுமினிய ஃபோர்க்குகளின் மரைகளைப் பிய்த்தெறிகிறது.

கழற்றும் வரிசை

கழற்றுவதற்கு முன் கைபேசியில் இரு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தக் காலர் எந்தப் பக்கம், எந்த முகம் உட்புறம் என்பது கழற்றிய பிறகு நினைவில் இருக்கும் என்று தோன்றும். இருக்காது. இடது காலரும் வலது காலரும் ஒன்றுபோலவே தெரிந்து, நீளத்தில் சில மில்லிமீட்டர் வேறுபடும் வண்டிகள் நிறைய.

முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் இருந்தால் பல வண்டிகளில் காலிப்பரை முதலில் கழற்ற வேண்டும். கழற்றிய காலிப்பரை அதன் குழாயில் தொங்கவிடாமல் ஒரு கம்பியால் கட்டி வையுங்கள். பேடுகளுக்கு நடுவே ஒரு மெல்லிய மரத்துண்டைச் செருகிவிட்டால், யாராவது பழக்கதோஷத்தில் லீவரை அழுத்தினாலும் பிஸ்டன்கள் வெளியே தள்ளப்படா. ஏபிஎஸ் உள்ள வண்டியில் சக்கர வேக உணரியும் அதன் பல்வளையமும் அடிபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிஞ்ச் போல்ட் உள்ள ஃபோர்க்கில் அதைத் தளர்த்தாமல் ஆக்சிலைச் சுழற்றக் கூடாது. சொல்வதற்கே அற்பமாக இருக்கிறது. ஆனால் 'ஆக்சில் வர மாட்டேன் என்கிறது' என்று சுத்தியலைத் தேடும் பலரின் சிக்கல் இந்த ஒரு போல்ட்தான்.

பின்சக்கரத்தில் செயின் அட்ஜஸ்டர்களின் குறியை முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நட் கழலாமல் தடுக்கும் ஸ்பிளிட் பின் இருந்தால் நேராக்கி உருவி எறியுங்கள். அதைத் திரும்பப் பயன்படுத்தும் எண்ணம் வேண்டாம். டிரம் பிரேக் என்றால் பிரேக் ராடையும், பிரேக் பிளேட் சுழலாமல் பிடிக்கும் டார்க் ஆர்மின் போல்ட்டையும் கழற்ற வேண்டும். பிறகு நட், பிறகு ஆக்சில். சக்கரத்தை முன்னே தள்ளிச் செயினை ஸ்பிராக்கெட்டிலிருந்து எடுத்தால் சக்கரம் கீழே இறங்கும். அப்போது இருபுறமும் காலர்கள் தாமாக உதிரும். உருண்டோடும் முன் பிடித்து, இறங்கிய வரிசையிலேயே ஒரு துணியில் பரப்பி வையுங்கள்.

வர மறுக்கும் ஆக்சில்

மழையிலும் சேற்றிலும் ஓடி, பல ஆண்டுகளாகக் கிரீஸ் காணாத ஆக்சில் காலரோடும் பேரிங்கோடும் துருவால் ஒட்டிக்கொண்டிருக்கும். இங்கே பொறுமைதான் முதல் கருவி. துரு இளக்கும் எண்ணெயை இருபுறமும் விட்டு, முடிந்தால் ஓரிரவு விட்டுவிடுங்கள். மறுநாள் முதலில் அடிக்காதீர்கள். ஆக்சிலின் தலையைச் சாக்கெட்டால் பிடித்து முன்னும் பின்னுமாகச் சுழற்றப் பாருங்கள். சுழலத் தொடங்கிய ஆக்சில் பாதி வெளியே வந்ததற்குச் சமம்.

அடித்தே ஆக வேண்டும் என்றால் நட்டைக் கழற்றிவிடாமல், அதன் முகமும் ஆக்சிலின் முனையும் ஒரே மட்டத்தில் வரும்வரை திருகி வைத்து, மென்தலைச் சுத்தியலால் அடியுங்கள். மரையின் முதல் சுற்றுகள் நசுங்காமல் நட் காக்கும். அதற்குமேல் பித்தளைத் தண்டைப் பயன்படுத்தலாம். இரும்புச் சுத்தியலால் நேரடியாக அடித்தால் ஆக்சிலின் முனை காளான்போல விரிந்துவிடும். அப்புறம் அது எந்தத் துளை வழியாகவும் வராது, அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

சூடேற்றுவதில் எனக்குத் தயக்கம் உண்டு. அருகில் ரப்பர் சீல், பேரிங் கிரீஸ், டயர், பிரேக் எண்ணெய் எல்லாம் இருக்கின்றன. துரு இளக்கும் எண்ணெயே தீப்பிடிக்கும். வெப்பக்காற்றுத் துப்பாக்கியை அளவோடு காட்டலாம். தீச்சுடரைத் தவிருங்கள்.

ஆக்சிலைச் சோதித்தல்

வெளியே வந்த ஆக்சிலைத் துடைத்து, நுண்ணிய எமரி தாளால் மேலோட்டமான துருவை நீக்குங்கள். பேரிங் அமரும் இடங்களில் விரல் நகத்தை நீளவாக்கில் இழுத்துப் பாருங்கள். நகம் தட்டும் அளவுக்குப் பள்ளமோ படியோ இருந்தால் அந்த ஆக்சிலுக்கு ஓய்வு கொடுத்துவிடலாம். தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கினால் பள்ளம் மறையாது, விட்டம்தான் குறையும்.

அடுத்தது வளைவு. இரண்டு வி-பிளாக்குகளில் (வி வடிவப் பள்ளமுள்ள தாங்கிகள்) ஆக்சிலை வைத்து, நடுவில் டயல் கேஜை (நுண்ணிய அசைவை ஊசியால் காட்டும் அளவி) நிறுத்தி மெல்ல உருட்டுங்கள். பல தயாரிப்பாளர்கள் 0.2 முதல் 0.25 மில்லிமீட்டர் வரையிலான வளைவை எல்லையாக வைக்கிறார்கள். கேஜின் முழு ஊசலாட்டத்தையே கணக்கில் எடுக்க வேண்டுமா, அதில் பாதியையா என்பதை மேனுவலில் பாருங்கள். சில மேனுவல்கள் பாதியைத்தான் உண்மை வளைவு என்கின்றன. டயல் கேஜ் இல்லாதவர்கள் தடித்த கண்ணாடிப் பலகையில் உருட்டிப் பார்க்கலாம். தாளத்தோடு தட்டித் தட்டி உருண்டாலோ, அடியில் வெளிச்சம் தோன்றி மறைந்தாலோ வளைவு இருக்கிறது. தலைப்பகுதி பெரிதாக இருக்கும் ஆக்சிலில், தலையைப் பலகையின் விளிம்புக்கு வெளியே விட்டு உருட்டுங்கள்.

வளைந்த ஆக்சிலை நிமிர்த்தலாமா? கூடாது. பிரஸ்ஸில் நிமிர்த்தித் தருகிறோம் என்று சொல்பவர்கள் உண்டு. பார்வைக்கு நேராகிவிடும், உள்ளே எங்கே விரிசல் தொடங்கியிருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. ஒரு புது ஆக்சிலின் விலை, மொத்த வண்டியின் கணக்கில் ஒன்றுமே இல்லை.

கடைசியாக மரை. சுத்தம் செய்த பின் நட்டை விரல்களால் மட்டும் கடைசிவரை திருகிப் பாருங்கள். வழியெல்லாம் சீராகப் போக வேண்டும். நடுவில் இறுகி, பிறகு மறுபடி இளகினால் மரை இழுபட்டிருக்கலாம். முன்பு யாரோ குழாய் செருகி இறுக்கியிருக்கிறார்கள். முதல் ஓரிரு சுற்றுகளில் மட்டும் சிறு நசுங்கல் என்றால் மரை அரத்தால் சரிசெய்யலாம். ஆக்சில்களில் பெரும்பாலும் நெருக்கமான மரைதான் இருக்கும். 14 மில்லிமீட்டர் ஆக்சிலுக்கு 1.5 மில்லிமீட்டர் இடைவெளி என்பதுபோல. கடையில் கிடைத்த, அதே விட்டமுள்ள சாதாரண நட்டை வலுவில் ஏற்றினால் இரண்டின் மரையும் கழன்றுவிடும். ஏற்றியவரைப் பற்றியும் பட்டறையில் அதையே சொல்வார்கள்.

பேரிங்கும் ஸ்பேசரும்

சக்கரம் கையில் இருக்கும்போதே உள் வளையத்தில் விரலை விட்டுச் சுழற்றுங்கள். மணல்போல நெருடினாலோ, ஒவ்வோர் இடத்தில் தட்டி நின்றாலோ, பக்கவாட்டில் ஆடினாலோ மாற்ற வேண்டும். மாற்றினால் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். பேரிங்கின் முகத்தில் பொறித்திருக்கும் எண்தான் அதன் அடையாளம்: 6202 என்றால் உள் விட்டம் 15, வெளி விட்டம் 35, அகலம் 11 மில்லிமீட்டர். 6302-க்கும் உள் விட்டம் 15 தான். ஆனால் வெளி விட்டம் 42, அகலம் 13. எண்ணில் ஒன்று தவறினால் போதும், ஹப்பில் உட்காராது. பின்சக்கர ஸ்பிராக்கெட்டைத் தாங்கும் டிரம்மில் தனியாக ஒரு பேரிங்கும், பல வண்டிகளில் அதற்கென ஒரு காலரும் உண்டு. எல்லாரும் மறக்கும் காலர் அதுதான்.

புதுப் பேரிங்கைச் சில மணி நேரம் ஃப்ரீசரில் வைத்து, ஹப்பை வெதுவெதுப்பாக்கினால் வேலை எளிதாகும். அழுத்துவதோ அடிப்பதோ வெளி வளையத்தின்மேல் மட்டும். அதே விட்டமுள்ள ஒரு சாக்கெட் இதற்குப் போதும். உள் வளையத்தில் அடித்தால் அந்த அடி குண்டுகள் வழியாகப் போய் ஓடுபாதையில் பள்ளம் பதிக்கும். பேரிங் புதிதாக இருக்கும்போதே பழையதாகிவிடும்.

மேனுவல் சொல்லும் பக்கத்துப் பேரிங்கை முதலில் முழுவதுமாக அடிவரை இறக்குங்கள். சக்கரத்தைத் திருப்பி ஸ்பேசர் குழாயைப் போடுங்கள். இரண்டாவது பேரிங்கை அதன் உள் வளையம் குழாயைத் தொடும்வரை மட்டும் இறக்குங்கள். அடிக்கும் ஓசை மாறும். குழாயை விரலால் தள்ளினால் தாராளமாக ஆடாமல், சற்றே தடையோடு நகர வேண்டும். அதற்குமேல் ஓர் அடி கூட வேண்டாம். பழைய குழாயின் இரு முனைகளிலும் தேய்வோ பிசிறோ இருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள். அதன் நீளத்தில் குறையும் பத்தில் சில மில்லிமீட்டரைப் பேரிங்தான் தன் ஆயுளால் ஈடுகட்டும்.

டார்க் ரென்ச்: எண்ணுக்குப் பின்னால்

டார்க் என்பது திருப்பு விசை. ஒரு மீட்டர் நீளக் கைப்பிடியின் முனையில் ஒரு நியூட்டன் விசை கொடுத்தால் அது ஒரு நியூட்டன் மீட்டர். பழைய மேனுவல்களில் கிலோகிராம் மீட்டர் என்று இருக்கும். ஒரு கிலோகிராம் மீட்டர் ஏறத்தாழ 9.81 நியூட்டன் மீட்டர். அடி-பவுண்டு என்றால் ஒன்றுக்கு 1.356 நியூட்டன் மீட்டர். பல ரென்ச்சுகளில் இரண்டு அளவுகோல்கள் பக்கம் பக்கமாகப் பொறித்திருக்கும். 60 நியூட்டன் மீட்டர் வைக்க வேண்டிய இடத்தில் கண் தவறி 60 அடி-பவுண்டு வைத்தால் 81-க்கு மேல் போய்விடும்.

நமக்கு உண்மையில் வேண்டியது திருப்பு விசை அல்ல. ஆக்சிலை இழுத்துப் பிடித்து அந்தத் தூணை அழுத்தும் விசை. அதை நேரடியாக அளக்க நம்மிடம் கருவி இல்லாததால், திருப்பு விசையை அளந்து அதிலிருந்து ஊகிக்கிறோம். ஊகத்தில் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. நாம் கொடுக்கும் திருப்பு விசையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் ஆக்சிலை இழுக்கிறது. மீதி முழுவதும் நட்டின் முகத்திலும் மரையிலும் உராய்வாகத் தீர்ந்துபோகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 14 மில்லிமீட்டர் மரை, 70 நியூட்டன் மீட்டர் இறுக்கம். சுத்தமான உலர்ந்த மரைக்கு உராய்வைக் கணக்கில் கொண்டு வழக்கமாக எடுத்துக்கொள்ளும் எண் 0.2. எழுபதை 0.2-ஆலும் 0.014 மீட்டராலும் வகுத்தால் 25,000 நியூட்டன் வருகிறது. கிட்டத்தட்ட இரண்டரை டன் எடை. அதே மரையில் எண்ணெய் தடவி, எண் 0.15 ஆகக் குறைந்தால் 33,000 நியூட்டனைத் தாண்டுகிறது. ரென்ச் இரண்டு முறையும் ஒரே இடத்தில்தான் 'டிக்' என்றது! துருப்பிடித்த மரையில் நடப்பது இதற்கு நேர்மாறு: உராய்வே விசையை விழுங்கிவிட, ரென்ச் 'டிக்' என்று சொல்லும்போது தூண் சரியாக அழுந்தியே இருக்காது.

ஆகவே மரையைக் கம்பித் தூரிகையால் துடைத்துச் சுத்தமாக்குவது அழகுக்காக அல்ல. மேனுவல் எண்ணெய் போடச் சொல்லாத இடத்தில் மரை சுத்தமாகவும் உலர்ந்தும் இருக்கட்டும். போடச் சொன்ன இடத்தில் சொன்னதையே போடுங்கள். ஆக்சிலின் தண்டுப் பகுதியில் மெல்லிய கிரீஸ் பூச்சு நல்லது; அந்தக் கை மரைக்குப் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ரென்ச்சைப் பிடிக்கும் விதம்

வீட்டுப் பட்டறையில் பெரும்பாலும் இருப்பது 'டிக்' என்று தட்டும் கிளிக் வகை. உள்ளே ஒரு வில், அதன் அழுத்தத்தைத் திருகிக் கூட்டிக் குறைக்கும் கைப்பிடி. 28 முதல் 210 வரை உள்ள ஒரு சாதாரண ரென்ச்சில் தண்டின்மேல் 14 இடைவெளியில் கோடுகள் இருக்கும்: 28, 42, 56, 70 என்று. கைப்பிடியின் விளிம்பில் 0 முதல் 14 வரை சிறு எண்கள். 63 வேண்டும் என்றால் கைப்பிடியை 56 கோட்டில் 0 பொருந்தும்படி வைத்து, மேலும் 7 வரை திருப்ப வேண்டும். பிறகு பின்பக்கப் பூட்டை இறுக்குங்கள். பூட்ட மறந்தால் இழுக்கும்போதே அளவு நகரும்.

இழுக்கும்போது கை கைப்பிடியின் நடுவில் இருக்கட்டும். வெட்டி வெட்டி இழுக்காமல், ஒரே சீராக, நிதானமாக. 'டிக்' வந்ததும் நிறுத்துங்கள். நிச்சயமாக்கிக்கொள்ள இன்னொரு முறை 'டிக்', பிறகு மனத்திருப்திக்கு மூன்றாவது 'டிக்' என்று அடிப்பது பலருக்கும் உள்ள பழக்கம். ஒவ்வொன்றும் நட்டைக் கொஞ்சம் கூடுதலாக நகர்த்திவிடலாம். குறைந்த அளவில் அந்த ஒலி மிக மெல்லியதாக இருக்கும். கை அறியாமல் தாண்டிப்போய், 'இந்த ரென்ச் தட்டவே இல்லை' என்று போல்ட் அறும்வரை இழுத்தவர்கள் உண்டு. புது ரென்ச் வாங்கியதும், வைஸில் பிடித்த ஒரு பழைய போல்ட்டில் பலமுறை தட்டிப் பார்த்து அந்த உணர்வைக் கைக்குப் பழக்குங்கள்.

உச்ச அளவில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே இந்த ரென்ச்சுகளை நம்ப முடியாது. 210 ரென்ச்சில் 22 வைக்க முயல்வது வேலைக்கு ஆகாது. நட்டைக் கழற்ற இதைப் பயன்படுத்தாதீர்கள். வாலில் குழாய் செருகாதீர்கள்.

நேர் எக்ஸ்டென்ஷன், அதாவது சாக்கெட்டுக்கும் ரென்ச்சுக்கும் இடையே செங்குத்தாக நிற்கும் தண்டு, அளவை மாற்றாது. ஆனால் ரென்ச்சின் நீளத்தோடு நேர்க்கோட்டில் நீளும் காக்கைக்கால் ஸ்பேனரை (சதுரமுனையில் மாட்டும் திறந்த வாய் ஸ்பேனர் தலை) மாட்டினால் நெம்புகோலின் நீளம் கூடிவிடுகிறது. அப்போது வேண்டிய அளவை ரென்ச்சின் நீளத்தால் பெருக்கி, ரென்ச்சும் கூடுதல் துண்டும் சேர்ந்த நீளத்தால் வகுக்க வேண்டும். ரென்ச் 400, துண்டு 50 மில்லிமீட்டர், வேண்டியது 90 என்றால் 90 × 400 ÷ 450 = 80. ரென்ச்சில் 80 வைத்தால் நட்டில் 90 விழும். நீளத்தைச் சதுரமுனையின் நடுவிலிருந்து கைப்பிடியில் கை பிடிக்கும் நடுப்புள்ளி வரை அளக்க வேண்டும். காக்கைக்காலை ரென்ச்சுக்குச் செங்கோணத்தில் மாட்டினால் இந்தத் திருத்தம் தேவைப்படாத அளவுக்குச் சிறிதாகிவிடும். நான் பெரும்பாலும் அப்படித்தான் மாட்டிக்கொள்கிறேன்.

வேலை முடிந்ததும் வில்லைத் தளர்த்தி, அளவுகோலின் மிகக் குறைந்த கோட்டில் நிறுத்தி வையுங்கள்; அதற்கும் கீழே திருப்ப வேண்டாம். கீழே விழுந்த ரென்ச்சைச் சோதிக்காமல் நம்பக் கூடாது. கைக் கருவிகளுக்கான ஐஎஸ்ஓ 6789 தரம், வேறு குறிப்பு இல்லாதபோது 12 மாதம் அல்லது 5000 முறை பயன்பாடு, எது முதலில் வருகிறதோ அப்போது மறுசோதனை வேண்டும் என்கிறது. வீட்டில் தோராயமாகச் சோதிக்க ஒரு வழி: சதுரமுனையை வைஸில் கவ்வி, ரென்ச்சைக் கிடைமட்டமாக நிறுத்தி, முனையிலிருந்து சரியாக 0.4 மீட்டரில் 10 கிலோ எடையைத் தொங்கவிடுங்கள். எடை தருவது 39.2 நியூட்டன் மீட்டர். ரென்ச்சின் சொந்த எடையையும் சேர்க்க வேண்டும், 1.2 கிலோ ரென்ச்சின் ஈர்ப்பு மையம் 0.2 மீட்டரில் இருந்தால் அது ஏறக்குறைய 2.4. மொத்தம் 41.6. அந்த அளவைச் சுற்றி எங்கே தட்டத் தொடங்குகிறது என்று பார்த்தால் ரென்ச்சின் யோக்கியதை தெரிந்துவிடும்.

மாட்டும் வரிசை

1. காலர்களையும் சீல்களின் உதட்டையும் துடைத்து, உதட்டில் கொஞ்சம் கிரீஸ் தடவி, படம் பார்த்துப் பக்கம் மாறாமல் பொருத்துங்கள்.

2. சக்கரத்தை இடத்தில் நிறுத்தி ஆக்சிலைக் கையால் தள்ளுங்கள். அது கையாலேயே போக வேண்டும். சுத்தியல் தேவைப்பட்டால் ஏதோ நேராக இல்லை. சக்கரத்தைச் சற்றே தூக்கிப் பாருங்கள்.

3. முன்பக்க டிரம் பிரேக் என்றால் பிரேக் பிளேட்டின் பள்ளத்தில் ஃபோர்க்கின் முண்டு உட்கார்ந்திருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். ஸ்பீடாமீட்டர் கியரின் நாக்குகளும் அப்படியே. அந்த முண்டு பொருந்தாமல் ஓட்டினால், முதல் பிரேக்கிலேயே பிளேட் சக்கரத்தோடு சுழன்று சக்கரம் பூட்டிக்கொள்ளும். இந்தக் கட்டுரையில் உயிரோடு விளையாடும் ஒற்றைத் தவறு எதுவென்றால் இதைத்தான் சொல்வேன். பின்பக்க டார்க் ஆர்ம் போல்ட்டும் அதன் ஸ்பிளிட் பின்னும் இதே வகை.

4. நட்டை விரலால் முழுவதும் ஏற்றி, பிறகே ஸ்பேனரைத் தொடுங்கள். நைலான் வளையம் உள்ள நட் என்றால் புதிது போடுவது நல்லது; நைலான் பிடி தொடங்கும்வரை விரலால் போகும்.

5. பின்சக்கரத்தில் இப்போது செயின். இரு அட்ஜஸ்டர்களையும் சமமாகத் திருப்பி, சக்கரத்தைச் சுழற்றிச் செயின் மிக இறுக்கமாக இருக்கும் இடத்தில் தொய்வைப் பாருங்கள். எஞ்சின் அணைந்திருக்க, கியர் நியூட்ரலில் இருக்க, செயினின் கீழ்ப்பகுதிக்கும் ஸ்பிராக்கெட்டுக்கும் நடுவே சுருட்டிய துணியைக் கொடுத்துச் சக்கரத்தைக் கையால் முன்னோக்கி மெல்லத் திருப்பினால், ஆக்சில் அட்ஜஸ்டர்களோடு ஒட்டி நிற்கும். விரல்கள் துணியின் பக்கமே போகக் கூடாது.

6. ஆக்சிலின் தலையை ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு நட்டின் பக்கத்திலிருந்து டார்க் ரென்ச்சால் இறுக்குங்கள். இறுதி அளவில் முக்கால் பங்கு வைத்து ஒருமுறை, பிறகு முழு அளவு. சிறிய வண்டிகளில் பொதுவாக 50 முதல் 90 நியூட்டன் மீட்டருக்குள்ளும், பெரிய வண்டிகளின் பின் ஆக்சிலில் 100-ஐத் தாண்டியும் இருக்கும்.

7. கிரீட நட் (ஸ்பிளிட் பின் நுழையப் பள்ளங்கள் உள்ள நட்) என்றால், அளவு எட்டிய பிறகும் ஸ்பிளிட் பின் துளை நேருக்கு வராமல் இருக்கலாம். பின்னோக்கித் தளர்த்தாதீர்கள், அடுத்த பள்ளம் வரும்வரை முன்னோக்கியே இறுக்கிப் புதுப் பின்னைப் போடுங்கள்.

8. முன்பக்கம் பிஞ்ச் போல்ட் இருந்தால் அவசரம் வேண்டாம். வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, முன்பிரேக்கைப் பிடித்து, ஹேண்டிலை அழுத்தி ஃபோர்க்கைச் சிலமுறை இறக்கி ஏற்றுங்கள். ஃபோர்க்கின் தளர்ந்த கால் தன் இயல்பான இடத்தில் ஆக்சிலின்மேல் நிற்கும். பிறகுதான் பிஞ்ச் போல்ட். காலிப்பரைக் கழற்றியிருந்தால் இதற்கு முன்பே மாட்டி, லீவர் கெட்டியாகும்வரை அழுத்தியிருக்க வேண்டும். மேனுவல் வேறு வரிசை சொன்னால் அதுவே சரி.

பிஞ்ச் போல்ட்டைப் பற்றி இன்னும் சில வார்த்தைகள். எம்8 அளவுக்கு வழக்கமாக 20 முதல் 25 நியூட்டன் மீட்டர்தான். இரண்டு இருந்தால் முதலாவது, இரண்டாவது, மறுபடி முதலாவது என்று மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். ஒன்றை இறுக்கும்போது மற்றது இளகும். அது கவ்வுவது அலுமினியம். மரை பிய்ந்துவிட்டால் துளையைப் பெரிதாக்கி எஃகுச் சுருள் மரை பதிப்பதுதான் முறையான பழுது. நேர்த்தியாகச் செய்தால் அது பழைய மரையைவிட உறுதியாக நிற்கும். பெரிய போல்ட்டை வலுவில் திணிப்பது பழுதே அல்ல.

இறுக்கிய பின்

இறுக்கிய நட்டில் மறுபடி ரென்ச்சை வைத்து 'டிக்' கேட்டுச் சரிபார்ப்பதில் பெரிய பொருள் இல்லை. நின்றுபோன நட்டை நகரத் தொடங்க வைக்கக் கூடுதல் விசை வேண்டும். ஆகவே 'டிக்' என்பது 'குறைந்தது இவ்வளவு' என்று மட்டுமே சொல்லும், அளவு மீறி இறுகியிருந்தால் சொல்லாது. சந்தேகம் இருந்தால் தளர்த்திவிட்டு முதலிலிருந்து இறுக்குங்கள். முடித்ததும் நட்டிலும், பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்ஆர்மிலும் சேர்ந்தாற்போல ஒரு வண்ணக் கோடு போட்டால், நட் நகர்ந்ததா என்பதைப் பிறகு நின்ற இடத்திலிருந்தே பார்த்துக்கொள்ளலாம்.

செயின் தொய்வை நட் இறுகிய பிறகு மறுபடி அளக்க வேண்டும். இறுக்கும்போது அது மாறியிருக்கும். பிரேக் லீவரையும் பெடலையும் சிலமுறை அழுத்திக் கெட்டியாக்காமல் வண்டியை நகர்த்தக் கூடாது. காலிப்பரில் பேடுகள் பின்னே தள்ளப்பட்டிருக்கும். முதல் அழுத்தத்தில் லீவர் வெறுமனே உள்ளே போகும்.

பிறகு சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றுங்கள். சில சுற்றுகள் தானே ஓடி நிற்க வேண்டும். பேட் மெல்ல உரசும் சத்தம் இயல்பானது. டயரை மேலும் கீழும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் 'டொக்' என்று எதுவும் தட்டக் கூடாது. எல்லாம் சரி என்றால், பிரேக்கை அதிகம் பிடிக்காமல் மெதுவாகச் சில கிலோமீட்டர் ஓட்டிவந்து, ஹப்பின் நடுப்பகுதியை எச்சரிக்கையாகத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி. கையை எடுக்க வைக்கும் சூடு என்றால் மறுபடி கழற்றி, வரிசையை முதலிலிருந்து எண்ணுங்கள். ஸ்பேசரைக் காணவில்லை என்றால் கருவிப் பெட்டியின் அடியில் இருக்கும் பழைய துணியையும் ஒருமுறை விரித்துப் பாருங்கள்.